வேட்டைக்காரரை உள்ளே விட நிலத்துக்காரருக்குப் பணம் கொடுப்பது சரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தைப் பொது வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிட்டால் அரசு பணம் தருகிறது. இதைச் சொன்னதும் தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஊரிலிருந்து பேசும் உறவினர்களும் அதையேதான் கேட்கிறார்கள். இங்கே குடிவந்த பிறகு வேட்டைக்குப் போகப் பழகியவன் நான். இந்த விவாதத்தில் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே தந்திருக்கிறேன்.

முதலில் இது என்ன விஷயம்? யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்?

மொன்டானாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தனியாருடையது. அந்த நிலத்தில் வேட்டையாட நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைப்பது வரவர அரிதாகிவிட்டதால், மாநில வனவிலங்குத் துறை 1985இல் பிளாக் மேனேஜ்மென்ட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 1990களின் நடுவில் அது பெரிதாக விரிந்தது. நிலத்துக்காரர் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். அதன்படி செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முதல் நாள் வரையான பருவத்தில் யார் வேண்டுமானாலும் விதிப்படி அவர் நிலத்தில் வேட்டையாடலாம். வருகிறவர் நிலத்துக்காரருக்கு ஒரு காசும் தர வேண்டாம், அவரும் கேட்கக் கூடாது. பணத்தைத் துறை தருகிறது.

இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலத்துக்காரர்களும் சுமார் 70 லட்சம் ஏக்கரும் இந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள். வேறு மாநிலங்களிலும் இதே வகைத் திட்டங்கள் உண்டு. கான்சாஸ் 1995இல் நடந்துபோய் வேட்டையாடும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்காவிலும் இருக்கிறது.

மான் அவர் நிலத்தில்தானே நிற்கிறது? அவரே விற்றுவிட்டுப் போகட்டுமே?

விற்க முடியாது. அமெரிக்காவில் காட்டு விலங்கு எவருடைய சொத்தும் இல்லை. மக்கள் எல்லோருக்காகவும் மாநிலம் அதைக் காத்து நிர்வகிக்கிறது. 1896இல் கீர் எதிர் கனெக்டிகட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. 1979இல் ஹியூஸ் எதிர் ஓக்லஹோமா வழக்கில் அந்தத் தீர்ப்பையே நீக்கி, மாநிலத்தை "உரிமையாளர்" என்று சொல்வது சட்டக் கற்பனை என்றார்கள். ஆனாலும் விலங்கைக் காக்கவும் வேட்டையை ஒழுங்குபடுத்தவும் மாநிலத்துக்கு உள்ள அதிகாரம் நிலைத்துவிட்டது. காட்டு விலங்கின் இறைச்சியைச் சந்தையில் விற்பதும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் அப்படி விற்றுத்தான் காட்டெருமையையும் எல்க் மானையும் அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள்.

ஆக, மான் பொதுச்சொத்து, மான் நிற்கும் மண் தனிச்சொத்து. மொன்டானா மக்கள் 2004இல் வேட்டையைத் தங்கள் மரபாக அரசியல் சாசனத்திலேயே சேர்த்தபோதும், பிறர் நிலத்தில் அத்துமீறி நுழையும் உரிமையை இது தராது என்று அதே பிரிவில் எழுதிவைத்தார்கள். இந்த இரண்டு உரிமையும் வேலியோரத்தில் மோதிக்கொள்வதிலிருந்துதான் இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் பிறக்கின்றன.

அரசு நிலமே கோடிக்கணக்கான ஏக்கர் இருக்கிறதாமே, அங்கே போக வேண்டியதுதானே?

போகிறோம். பலரும் பெரும்பாலும் அங்கேதான் போகிறார்கள். ஆனால் அரசு நிலம் பெரும்பாலும் மலை உச்சியும் வறண்ட மேடுமாக இருக்கிறது. ஆற்றங்கரை, பசும்புல், தீவனப் பயிர் எல்லாம் குடியேறியவர்கள் முதலில் பிடித்த தாழ்நிலத்தில் இருக்கின்றன. பனி விழுந்ததும் எல்க் மலையிலிருந்து இறங்கி அந்தத் தாழ்நிலத்துக்குத்தான் வருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாப் பக்கமும் தனியார் நிலம் சூழ்ந்து, போக வழியே இல்லாத அரசு நிலம் ஏராளம். வேட்டைக்காரர் அமைப்பு ஒன்றும் வரைபட நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 2018இல் கணக்கெடுத்தன. மேற்கு மாநிலங்களில் 95 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மத்திய அரசு நிலத்துக்கு வழி இல்லை என்று தெரிந்தது. மொன்டானாவில் மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர். ஒரு பண்ணைக்காரர் தன் கேட்டைத் திறந்தால், அவர் நிலத்தோடு பின்னால் இருக்கும் பொது நிலமும் சேர்ந்து திறக்கிறது. பிளாக் மேனேஜ்மென்ட்டின் பலனை வெறும் தனியார் ஏக்கர் கணக்கில் அளப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் கதவைத் தட்டிக் கேட்டாலே விடுவார்களாம். இப்போது ஏன் காசு?

உண்மைதான். பல இடங்களில் இன்றும் அப்படி நடக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் ஒருவரை ஒருவர் தெரிந்த சிறிய ஊருக்குப் பொருந்தியது. கதவைத் தட்டியவர் பக்கத்து ஊர் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார், இல்லாவிட்டால் மருந்துக்கடைக்காரராக இருப்பார். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் ஊரே கேட்கும். நகரங்கள் வளர்ந்து, வெளியூர்க்காரர் பெருகி, ஒரே வார இறுதியில் இருபது அந்நியர்கள் வாசலில் வந்து நின்றால் எந்தக் குடும்பமும் களைத்துப்போகும்.

பணம் கொடுக்கலாமா என்ற கேள்வியும் புதிது இல்லை. வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் தலைமையில் தயாராகி 1930இல் ஏற்கப்பட்ட அமெரிக்க வேட்டை விலங்குக் கொள்கையே, நிலத்துக்காரரைப் பொது விலங்கின் காவலராக மதித்து, பொறுப்பில்லாத துப்பாக்கிக்காரரிடமிருந்து அவரைக் காத்து, அவருக்கு ஈடும் தர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே விஸ்கான்சினில் ரைலி என்ற சிற்றூரில் அவர் விவசாயிகளையும் நகரத்து வேட்டைக்காரர்களையும் ஒரு கூட்டுறவில் சேர்த்தார்.

ஒரு பண்ணைக்காரருக்கு எவ்வளவு கிடைக்கும்? ஏக்கர் கணக்கா?

மொன்டானாவில் ஏக்கர் கணக்கு இல்லை. ஒரு வேட்டைக்காரர் ஒரு நாள் வந்தால் அது ஒரு வேட்டை நாள், அதற்கு 13 டாலர் வரை. பருவத்தில் 400 வேட்டை நாள் பதிவானால் 5,200 டாலர். களைக் கட்டுப்பாட்டுக்குச் செலவிட ஒப்புக்கொண்டால் இன்னும் ஐந்து சதவீதம். ஒருவருக்கு ஓராண்டு உச்சவரம்பு நெடுங்காலம் 12,000 டாலராகவே இருந்தது, படிப்படியாக ஏறி இப்போது 50,000 டாலருக்கு வந்திருக்கிறது.

கான்சாஸில் ஏக்கரையும், எத்தனை மாதம் திறந்திருக்கிறது என்பதையும் வைத்துக் கணக்கு. அங்கே ஃபெசன்ட், காடை போன்ற பறவை வேட்டைதான் முக்கியம், புதர் நன்றாக இருந்தால் பறவை இருக்கும். அதனால் நிலத்துக்கு விலை வைப்பது அங்கே பொருந்துகிறது. எனக்குப் பிடித்தது மொன்டானா கணக்குதான். பத்தாயிரம் ஏக்கர் வைத்திருந்தும் யாரையும் வரவிடாதவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. சின்ன நிலத்தில் பருவம் முழுக்க வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு இருப்பவருக்கு அதற்கேற்ற தொகை போய்ச் சேரும்.

அந்தப் பணம் என் வரிப்பணமா? நான் வேட்டைக்கே போவதில்லையே.

பெரும்பகுதி இல்லை. மொன்டானாவில் இது முக்கியமாக வேட்டை லைசென்ஸ் பணம், அதிலும் வெளிமாநிலத்தார் கட்டுவது. உள்ளூர்க்காரருக்கு எல்க் லைசென்ஸ் 20 டாலர். வெளிமாநிலத்தாரின் மான், எல்க் கூட்டு லைசென்ஸ் ஆயிரம் டாலரைத் தாண்டும், அதன் எண்ணிக்கையும் 17,000 என்று சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்டது.

2010இல் ஐ-161 என்ற மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அதுவரை அவுட்ஃபிட்டர்களின், அதாவது பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துச் செல்லும் தொழில்காரர்களின், வாடிக்கையாளருக்கென்று 5,500 கூட்டு லைசென்ஸ் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்காளர்கள் அந்த ஒதுக்கீட்டை ஒழித்து, வெளிமாநிலக் கட்டணத்தை ஏற்றி, அதில் ஒரு பங்கை இப்படி நிலம் திறக்கும் வேலைக்குத் திருப்பினார்கள்.

இதற்கு மேல் இரண்டு மத்திய அரசு ஊற்றுகள் உண்டு. ஒன்று 1937இன் பிட்மன் ராபர்ட்சன் சட்டம். அதன்படி நீளத் துப்பாக்கி, தோட்டா, வில்லுக்கு 11 சதவீதமும் கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும் வரி வாங்கி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மற்றது 2008 விவசாயச் சட்டத்தில் தொடங்கிய மானியம், தனியார் நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறக்கும் மாநிலங்களுக்கு இது போகிறது. 2018 விவசாயச் சட்டம் இதற்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. வேட்டைக்குப் போகாதவரின் பொது வரிப்பணமும் சேர்வது இந்த இரண்டாவது வழியில்தான்.

நிலத்துக்காரருக்கு அப்படி என்ன தொந்தரவு? நாலு பேர் நடந்துபோனால் என்ன ஆகிவிடும்?

நடந்துபோனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிரச்சினை வண்டியில் தொடங்குகிறது. மழை பெய்த மறுநாள் மண்பாதையில் பிக்கப் ஓட்டினால் விழும் பள்ளம் குளிரில் உறைந்து அடுத்த ஆண்டு வரை நிற்கும். டயரில் ஒட்டிவரும் களைவிதை இன்னொரு கேடு. நாப்வீட், லீஃபி ஸ்பர்ஜ் போன்ற அந்நியக் களைகள் ஒருமுறை வேர்பிடித்தால் மேய்ச்சல் நிலத்தைத் தின்றுவிடும், மருந்தடிக்கும் செலவு ஆண்டுதோறும் வரும். செப்டம்பரில் புல் காய்ந்து கிடக்கும்போது சூடான புகைக்குழாய் உரசினால் தீ பிடிக்கும். திறந்துவிட்ட கேட் வழியாக மாடுகள் பக்கத்து நிலத்துக்குப் போனால் அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு நாள் வேலை கெடும்.

இவை போக, நேரம். விடியுமுன் போன் அடிக்கும். காயம்பட்ட மானைத் தேட அனுமதி கேட்டு ஒருவர் இரவில் வந்து நிற்பார். கன்றுகளைச் சந்தைக்கு அனுப்பும் பரபரப்பும் வேட்டைப் பருவமும் ஒரே நேரத்தில் வருகின்றன. இந்தச் சுமைக்கு ஈடு செய்வதுதான் திட்டத்தின் நோக்கம் என்று மொன்டானா சட்டமே சொல்கிறது. பாதை, வேலி, களை, தீத்தடுப்பு, காப்பீடு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நான் இந்தத் திட்டத்தை ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாம் கேள்வியில் சொன்ன கொள்கைக்கு இது பங்கம் செய்யவில்லை. பணம் மானுக்கு விலையாகப் போகவில்லை, வந்துபோகிறவர்களைத் தாங்கும் சிரமத்துக்காகப் போகிறது.

உள்ளே வந்தவர் விழுந்து காலை உடைத்துக்கொண்டு கேஸ் போட்டால்?

பண்ணைக்காரர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். பொதுவாக அமெரிக்க மாநிலங்களில், பொழுதுபோக்குக்காகச் சும்மா உள்ளே விட்ட நிலத்துக்காரர் மேல் பொறுப்பு சுமத்துவது கடினம், சட்டம் காப்பாற்றும். காசு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுமோ என்பதுதான் பயம். மொன்டானா இதை நேரடியாகத் தீர்த்துவிட்டது. பிளாக் மேனேஜ்மென்ட்டில் பணம் பெற்றாலும் அந்தப் பாதுகாப்பு அப்படியே தொடரும் என்று சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். வேண்டுமென்றே கெடுதல் செய்தால் மட்டும் அது காப்பாற்றாது. வேறு மாநிலத்தில் நிலம் வைத்திருப்பவர் அந்த மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

காசு வாங்கிய பிறகும் நிலத்துக்காரர் நிபந்தனை போடலாமா?

போடலாம், போடுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர், வண்டி இந்த இடத்தோடு நிற்க வேண்டும், மாட்டுக் கொட்டகைப் பக்கம் சுடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதலாம். சில பண்ணைகளில் வாசலில் உள்ள பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு நாமே உள்ளே போகலாம். சிலவற்றில் முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். பெட்டிச் சீட்டை எழுதாமல் போவது சின்னத் தவறாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன 13 டாலர் கணக்கு அந்தச் சீட்டிலிருந்துதான் வருகிறது. எழுதாமல் போகிறவர் நிலத்துக்காரரின் பணத்தைக் குறைக்கிறார்.

அவுட்ஃபிட்டர் இதைவிடப் பல மடங்கு தருவாராமே. எந்தப் பைத்தியக்காரர் அரசிடம் கையெழுத்துப் போடுவார்?

பெரிய கொம்புள்ள எல்க் அதிகம் நிற்கும் பண்ணையில் அரசு போட்டிபோட முடியாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியூர்ப் பணக்காரர் ஒரு வேட்டைக்குப் பல ஆயிரம் டாலர் தருவார். அவுட்ஃபிட்டர் அதிலிருந்து நிலத்துக்காரருக்குக் குத்தகை கொடுத்து அந்தப் பண்ணையைத் தன் ஆட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வார். உச்சவரம்பை ஏற்றியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

ஆனாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கத்தானே வேண்டும். எல்லா நிலத்திலும் கொம்பு எல்க் இல்லை. மியூல் மானும் ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கும் பறவையும் உள்ள சமவெளிப் பண்ணைக்கு அவுட்ஃபிட்டர் வரிசையில் நிற்பதில்லை. அப்புறம், ஊரோடு இருக்கும் உறவு. தன் பிள்ளை படிக்கும் பள்ளியின் ஓட்டுநரும் தன் டிராக்டரைச் சரிபார்க்கும் மெக்கானிக்கும் வேட்டையாட இடம் வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. பெட்டி, அறிவிப்புப் பலகை, வரைபடம், ரோந்து எல்லாவற்றையும் துறையே பார்த்துக்கொள்வதால் வீட்டு வாசலில் கூட்டமும் குறைகிறது.

குத்தகைக்கு விடும் குடும்பங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாட்டு விலை சரிந்த ஆண்டில் வங்கிக் கடனைக் கட்டி, நிலத்தைத் துண்டுபோட்டு மனை விற்காமல் காப்பாற்றியது அந்தக் குத்தகையாக இருக்கலாம். மனையாகிப்போன நிலத்தில் வேட்டையும் இல்லை, எல்க்கும் இல்லை.

டெக்சாஸில் எல்லாமே காசுதான். அங்கே நன்றாகத்தானே நடக்கிறது?

டெக்சாஸில் ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியாருடையது. பருவக் குத்தகை அங்கே பழைய வழக்கம். ஒரு குழு சேர்ந்து பணம் கட்டி ஒரு பண்ணையை எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு நன்மை உண்டு. வெள்ளைவால் மானால் வருமானம் வருவதால் பண்ணைக்காரர் புதரை அழிக்காமல் விட்டு, தண்ணீர்த்தொட்டி கட்டுகிறார். மானைத் தொல்லையாகப் பார்த்தவர் வாழ்வாதாரமாகப் பார்க்கிறார். பணம் கெட்டது என்று மொத்தமாகச் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அங்கே குத்தகைக்கு வழியில்லாத இளைஞர் எங்கே போவார்? அரசும் கொஞ்சம் நிலம் எடுத்துத் திறக்கிறது, மக்கள்தொகைக்கு அது போதாது. மேற்கு மாநிலங்களில் 20 டாலர் லைசென்ஸோடு ஒரு சமையல்காரர் தன் குடும்பத்துக்கு ஒரு குளிர்காலத்து இறைச்சியைக் கொண்டுவர முடிகிறது. அதை இழந்துவிட்டு டெக்சாஸ் மாதிரிக்குப் போகலாம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒருவர் கேட்டைப் பூட்டிக்கொண்டால் பக்கத்து நிலத்துக்காரருக்கு என்ன நஷ்டம்?

நிறைய. எல்க் புத்திசாலி விலங்கு. எங்கே துப்பாக்கிச் சத்தம் இல்லையோ அங்கே போய்க் கூட்டமாக நின்றுவிடும். அக்டோபர் கடைசியில் தொடங்கும் ஐந்து வாரத் துப்பாக்கிப் பருவம் முழுக்க ஒரு பூட்டிய பண்ணையில் சில நூறு எல்க் அடைக்கலம் புகுந்துவிடும். பருவம் முடிந்து பனி கனத்ததும் வெளியே வந்து பக்கத்துப் பண்ணையின் வைக்கோல் போரைத் தின்று வேலியை மிதித்துப் போடும். குத்தகைப் பணம் ஒருவருக்கு, தீவன நஷ்டம் இன்னொருவருக்கு.

எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போன பகுதிகளில் மொன்டானா 2016 முதல், வழக்கமான பருவத்துக்கு முன்னும் பின்னும் பெண் எல்க்குக்குத் தனிப் பருவம் வைத்தது, சில இடங்களில் ஆகஸ்ட் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. சினையாக இருக்கும் விலங்கைக் குளிர்காலக் கடைசியில் சுடுவதைப் பல வேட்டைக்காரர்கள் விரும்பவில்லை, எனக்கும் அது உறுத்துகிறது. இன்னொரு விதியை முழுமனதோடு ஆதரிக்கிறேன். பயிர் நஷ்டத்துக்கு அரசு உதவி கேட்கும் நிலத்துக்காரர், வேட்டைப் பருவத்தில் பொதுமக்களுக்கு நியாயமான அளவு இடம் விட்டிருக்க வேண்டும். பூட்டி வைத்துவிட்டு உதவியும் கேட்க முடியாது.

பணத்துக்குப் பதில் நிலத்துக்காரருக்கு எல்க் டேக் கொடுத்துவிட்டால் அரசுக்குச் செலவே இல்லையே?

டேக் என்பது ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு. பல இடங்களில் குலுக்கலில்தான் கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். நியூ மெக்சிகோவில் தகுதியுள்ள நிலத்துக்காரருக்கு எல்க் அனுமதி ஒதுக்குகிறார்கள். அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். தன் பண்ணையைப் பொதுமக்களுக்குத் திறந்தால் அந்த அனுமதி அந்தப் பகுதி முழுவதிலும் செல்லும், திறக்காவிட்டால் பண்ணைக்குள் மட்டும் செல்லும். கொலராடோவில் 1986 முதல் இன்னொரு முறை. குறைந்தது 12,000 ஏக்கர் தொடர்ச்சியாக உள்ள பண்ணைகள் நீண்ட பருவமும் தங்களுக்கென்று லைசென்ஸும் பெறுகின்றன, அதில் குறைந்தது பத்து சதவீதத்தைக் குலுக்கலில் வரும் பொதுமக்களுக்குக் கட்டணமின்றி விட வேண்டும்.

செலவு இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாத செலவை மறப்பது. நிலத்துக்காரரே டேக்கை விற்கும் நிலை வந்தால், மான் யாருடைய சொத்தும் இல்லை என்ற கொள்கை ஏட்டில் மட்டும் இருக்கும். நடைமுறையில் மானுக்கு விலைப்பட்டியல் வந்துவிடும். நிலத்துக்காரரின் சிரமத்துக்குப் பணம் கொடுப்பதையும் விலங்கையே அவர் கையில் விற்பனைக்குக் கொடுப்பதையும் ஒன்றாகப் பேசுகிறவர்களோடுதான் எனக்கு முக்கியமான கருத்து வேறுபாடு.

மொன்டானா 2001இல் நடுவழி ஒன்றைக் கண்டது. நிலத்துக்காரருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ ஓர் எல்க் பெர்மிட், அதற்கு ஈடாகப் பொதுமக்கள் சிலரை அவர் தன் நிலத்தில் விட வேண்டும். கைமாற்றி விற்கும் சந்தை இல்லாதவரை இதை நான் ஏற்கிறேன். பெரும்பணக்காரர்கள் குறைந்த ஈட்டுக்கு அரிய பெர்மிட் வாங்கிவிடுகிறார்கள் என்ற குறை அங்கேயும் எழுந்திருக்கிறது. ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் பொதுவில் வைத்துப் பேசினால்தான் அது அடங்கும்.

வயோமிங்கில் மூலை தாண்டலாம் என்று தீர்ப்பு வந்துவிட்டதே. இனிமேல் எதற்குக் காசு?

பின்னணி இது. 1860களில் ரயில்பாதை போட்ட நிறுவனங்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் நிலத்தைக் கொடுத்தார்கள். அதனால் வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி ஆனது, ஒரு கட்டம் அரசுடையது, அடுத்தது தனியாருடையது. அரசுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. 2020லும் 2021லும் மிசூரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் வயோமிங்கின் எல்க் மலையில் மூலைக்கு மூலை தாண்டினார்கள், இரண்டாம் முறை ஓர் ஏணியை வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல். 2022இல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. நிலத்துக்காரர் பல லட்சம் டாலர் கேட்டுப் போட்ட சிவில் வழக்கும் தோற்றது. 2025 மார்ச்சில் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலத்தை வேலிபோட்டு அடைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

தீர்ப்பு எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் அது செல்லும் ஆறு மாநிலங்களில் வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ இருக்கின்றன, மொன்டானா இல்லை. அப்படியே இங்கே வந்தாலும் அது திறப்பது மூலையில் தொடும் பொது நிலத்தை மட்டும். முற்றிலும் சூழப்பட்ட நிலத்துக்கும், எல்க் உண்மையில் நிற்கும் தனியார் தாழ்நிலத்துக்கும் இன்னும் ஒருவர் மனம் வைத்துக் கேட்டைத் திறக்க வேண்டும். வழியை மட்டும் விடுகிறவருக்கும் ஈடு கொடுக்கும் ஒப்பந்தத்தை மொன்டானா 2019இல் சட்டமாக்கியது. இந்த மாதிரி இடங்களுக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

காசு வரும் என்று தெரிந்தால் சும்மா விட்டவர்களும் கை நீட்ட மாட்டார்களா?

நீட்டுவார்கள், சிலர் நீட்டியிருக்கிறார்கள். இந்த விமர்சனம் நியாயமானது. ஒரு பக்கத்தில் பணம் புழங்கினால், சும்மா விட்டுவந்தவர் தன் பெருந்தன்மையை ஏமாளித்தனமாக நினைக்கத் தொடங்கலாம். வேட்டைக்காரருக்கும் மனம் மாறும். வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசி நன்றி சொன்னவர், இப்போது பெட்டியில் சீட்டு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

வடக்கு டகோட்டாவில் வழக்கமே வேறு. வேலியில் தடை அறிவிப்பு இல்லாத நிலத்தில் வேட்டையாடலாம் என்பது அங்கே நெடுநாள் நடைமுறை. 2021இல் அறிவிப்பை இணையத்திலேயே பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்த பிறகு, ஒரு பலகைகூட நடாமல் பெரும் நிலத்தை மூடிவிட முடிகிறது. அங்கே அதற்குக் காரணம் பணம் இல்லை. நிலம் மூடப்படுவதற்குப் பணத்தைத் தவிரவும் பல காரணங்கள் உண்டு, பணம் கொடுப்பதை நிறுத்தினால் பழைய காலம் திரும்பிவிடாது.

வேட்டையே பாவம் என்று நினைப்பவன் நான். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்கள் நிலைப்பாட்டை மாற்ற நான் முயலவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஓநாயும் மலைச்சிங்கமும் குறைந்த பண்ணை நிலங்களில் எல்க் எண்ணிக்கையை யாராவது கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய நிலை இருக்கிறது. அந்த நிலத்தைப் பண்ணையாகவே வைத்திருக்க ஒரு குடும்பத்துக்கு உதவும் பணம், அங்கே கூடுகட்டும் பறவைக்கும் உதவுகிறது. கான்சாஸில் பறவை வேட்டைக்காக விட்டுவைத்த புல்வெளியில் வேட்டையாடப்படாத சிறு பறவைகளும் குஞ்சு பொரிக்கின்றன.

நம் ஊரில் இப்படிச் செய்தால் காட்டுப்பன்றித் தொல்லை தீருமே?

முடியாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து வரும்போது தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாகத் தரும் அனுமதிதான் முக்கியமான விலக்கு. கேரளத்தில் 2022 முதல் காட்டுப்பன்றிக்கு அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று 2025இல் முடிவானது. பணம் கட்டி வேட்டையாட வருகிறவருக்கு இதில் எங்கேயும் இடமில்லை. அடர்ந்த குடியிருப்புகளுக்கு நடுவே அப்படி ஓர் இடம் வரவும் கூடாது.

ஆனால் பொதுச்சொத்தான விலங்கின் செலவைத் தனி விவசாயி ஒருவரே சுமக்கிறார் என்ற அநியாயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கடலைக்காட்டில் பன்றி உழுதுபோட்டால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டிய விவசாயியும், வைக்கோல் போரை எல்க் தின்றுவிட்ட பண்ணைக்காரரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

கோடீஸ்வரர் ஒருவர் முழு மலையையே வாங்கிப் பூட்டிவிட்டார். அவருக்கு உங்கள் 13 டாலர் எதற்கு?

எதற்கும் இல்லை. இந்தத் திட்டத்தின் எல்லை இதுதான். நிலத்திலிருந்து பிழைக்கிறவருக்கு ஈட்டுத்தொகை ஒரு காரணமாக இருக்கும். தனிமைக்காக நிலம் வாங்கியவருக்குத் தொகையை எவ்வளவு ஏற்றினாலும் அது காரணமாகாது. அவருக்காக உச்சவரம்பை இன்னும் ஏற்றச் சொல்வது, லைசென்ஸ் பணத்தைத் தேவையில்லாதவரிடம் கொட்டச் சொல்வதாகும்.

அங்கே வேறு கருவிகள் வேண்டும். பழைய மாவட்டச் சாலைகள் பொதுவழியா என்று ஆவணத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நிலம் கைமாறும் நேரத்திலேயே நிரந்தர வழியுரிமையை அரசு விலைக்கு வாங்கிவிட வேண்டும். பூட்டிய நிலத்துக்குப் பயிர் நஷ்ட உதவி இல்லை என்ற விதியைத் தளர்த்தக் கூடாது. இவற்றுக்கு மாவட்டக் கமிஷனர் கூட்டத்திலும் வனவிலங்கு ஆணையத்தின் விசாரணைகளிலும் போய் உட்கார ஆள் தேவை. அந்த நாற்காலிகளில் நிலத்துக்காரர்களும் அவுட்ஃபிட்டர்களும் தவறாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வேட்டைக்காரர்களில் பலர் வருவதில்லை.